ரேடியம் கண்டுபிடித்த அம்மா

ஐந்தாம் வகுப்பு ஆண்டுவிழாவில் பிரெஞ்சு ராணி வேஷம் போட வேண்டும் என்பது என் ஆசை. கோபுரம்போல் கொண்டை, பாவாடைக்கு அடியில் மூங்கில் வளையம், கையில் விசிறி. அது டாக்டர் மகளுக்குப் போய்விட்டது. எனக்கு வாய்த்தது அதே நாட்டில் வாழ்ந்த, ரேடியம் கண்டுபிடித்த விஞ்ஞானி அம்மா. உடுப்பு வெறும் கறுப்பு அங்கி.

"வீடு இருக்கிற இருப்புல கறுப்பா?" என்று அம்மா முகம் சுளித்தாள். அத்தைதான் தன் கறுப்பு நைட்டியை எனக்கு அளவாகப் பிடித்துத் தைத்தாள். அப்பாவின் தங்கையான அவள் அப்போது எங்கள் வீட்டில் தங்கி, தினமும் வலங்கைமானில் பஸ் ஏறித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். தோள்பட்டை வலிக்குக் கரண்ட் வைக்கிறார்கள் என்று அப்பா தெருவில் சொல்லியிருந்தார். எனக்கும் அதையேதான் சொன்னார்.

டிராக்டருக்கு ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கரை வாங்கி மருந்து பாட்டிலுக்குள் சுருட்டிப் போட்டோம். சாயங்காலமானால் டீச்சர் எழுதிக் கொடுத்த வசனத்தை அத்தையிடம் ஒப்பிப்பேன். கடைசி வரி வந்ததும், "அத இன்னொரு தடவ சொல்லுடி" என்பாள். உச்சரிப்பில் பிழைபோலும் என்று நான் இன்னும் உரக்கச் சொல்வேன். அம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவாள்.

விழாவன்று மேடையில், "நான் கண்டுபிடித்த கதிர் ஒருநாள்..." என்றேன். அதற்குமேல் வரவில்லை. ஓரத்தில் நின்ற ராணி விசிறியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுகை முட்டியது. அப்போது பந்தலின் பின்வரிசையில் அத்தை எழுந்தாள். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"புற்றுநோயைக் குணமாக்கும்! சொல்லுடி, புற்றுநோயைக் குணமாக்கும்!"

கண்ணில் நீர் வழிய அவள் நின்ற நிலையைப் பார்த்துப் பந்தலே அடங்கிவிட்டது. நான் அந்த வரியைச் சொல்லி, பாட்டிலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கினேன். கைதட்டல் வரவே நேரமானது.

என் வசனத்தை அத்தை பிடுங்கிக்கொண்டாளே என்று எனக்கு ஆத்திரம். திரும்பும் வழியில் அவளை விட்டு விலகி முன்னால் நடந்தேன். பின்னால் அப்பா அத்தையிடம் முணுமுணுத்தார்.

"உன் பொண்ணுக்கு வரன் பேசற நேரத்துல... இனிமே ஊரே பேசும்."

"பேசட்டும் அண்ணே. எனக்கு மூச்சு முட்டுது."

அவர் பயந்தபடியே அந்த வரன் தட்டிப்போனது. மறு வருஷம் அதைவிட நல்ல இடம் அமைந்தது. அத்தை நடமாடி நின்று கல்யாணத்தை நடத்தினாள். அதெல்லாம் பிறகு.

மறுநாள் காலை எங்கள் வாசலில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா கையில் டிபன் கேரியர். "இத்தன நாளும் தனியாவா போயிட்டு வந்த? கெளம்பு, இன்னிக்கி நான் வரேன்" என்று அத்தையின் கையைப் பிடித்தாள். அத்தை அவள் தோளில் சாய்ந்து விம்மினாள்.

அவர்கள் என் நடிப்பைப் பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் உள்ளே அவசர அவசரமாக முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டிருந்தேன்.