நைனாவின் கண்ணுக்குள் ஒரு ரசமட்டம்

தி.நகரில் ஒரு வீட்டு மாடியில், நேராக நின்ற சுவரை நைனா இடிக்கச் சொன்னார். நோய் எங்களுக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கட்டட மேஸ்திரி. மந்தைவெளி, மயிலாப்பூர் என்று அவர் கட்டிய வீடுகளைக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. சின்ன வயதில் சுண்ணாம்பு தெறித்து இடது கண் போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துத்தான் அத்தனையும் கட்டினார்.

வேலை நடக்கும் இடத்தில் கொடுக்கும் போண்டாவை அங்கே தின்ன மாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, நூலால் நாலாக அறுப்பார். அம்மாவுக்கு, எனக்கு, உங்கள் அத்தைகள் இருவருக்கு. “உனக்கு?” என்றால், “நான் அங்கயே துன்னுட்டேன்” என்பார். பொய்.

அந்தச் சுவர் விவகாரம் தொண்ணூறுகளின் நடுவில். கொத்தனார் ஏழுமலை கட்டிய சுவர் நடுவில் வளைந்திருக்கிறது என்றார் நைனா. இடித்துக் கட்டினார்கள். மறுபடியும் வளைசல் என்றார். மூன்றாம் முறை ஏழுமலை கரண்டியைக் கீழே போட்டார்.

“நூலு நேராத்தான் கீது மேஸ்திரி. உன் கண்ணுதான் கோணிக்கினு கீது.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நைனா திட்டவில்லை. கட்டியிருந்த நூலைப் பார்த்தார். அதுவும் வளைந்து தெரிந்தது. இழுத்துக் கட்டிய நூல் வளையாது என்று அவருக்குத் தெரியும். அப்படியே சாரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அடையாறு பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். விழித்திரை விலகல் என்றார் (கண்ணின் உள்பக்கம் ஒட்டியிருக்கும், பார்வையை வாங்கும் மெல்லிய படலம் பிரிந்து வருவது). ஓட்டை வழியாக நீர் இறங்கியிருக்கிறதாம்.

“பூச்சு உப்பிக்கிச்சுன்னு சொல்லுங்க” என்றார் நைனா.

“அதேதான். ஆபரேஷன் பண்ணி, உள்ளே வாயு நிரப்பி, அழுத்தி ஒட்டவைப்போம். ரெண்டு வாரம் குப்புறவே படுக்கணும். முடியுமா?”

“காங்கிரீட்டு போட்டா, இறுகுறவரைக்கும் முட்டுப் பலகையப் பிரிக்க மாட்டோமே. முடியும்.”

பார்வை திரும்புமா என்று அம்மா கேட்டாள். பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. இருந்ததே அந்த ஒரு கண்தான்.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் கோட்டைத் திட்டாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள். நாங்கள் சுவரை இடித்துக்கொண்டிருந்தோம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நைனா முதல் வேலை சொன்னார். நாடாக் கட்டிலில் தலைமாட்டில் நாலு நாடாவை விலக்கி, முகம் நுழைய இடம் விடச் சொன்னார். குப்புறப் படுத்தார். அம்மா கட்டிலுக்கு அடியில் பாய் போட்டு மல்லாந்து படுத்து, ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள்.

“முப்பது வருசத்துல இப்பத்தான்யா என் மூஞ்சிய நேரா பாக்குற.”

“எங்க பாக்குறேன்? எல்லாம் பொகையா கீது.”

“நல்லதாப் போச்சு. நரை தெரியாது.”

ஒன்பதாம் நாள் நைனா அழுதார். கண்ணீர் நேராக அம்மாவின் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. “கண்ணுக்கு ஆகாதுய்யா, நிறுத்து” என்றாள். நிறுத்திவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து உட்கார விட்டார்கள். மேலே மட்டும் ஒரு கீற்று தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே புகை. தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோடு சாயவில்லை, படுத்தபடியே இருந்தது.

“டேய், டாக்டரம்மா என் கண்ணுக்குள்ள ரசமட்டம் வச்சிட்டாங்கடா!”

சுவர் மட்டமாக இருக்கிறதா என்று குமிழை வைத்துப் பார்க்கும் கருவி அது. அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். வாயு கரையக் கரையக் கோடு இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தினமும் காலையில் ஒரே முக்காலியில் உட்கார்ந்து, கோடு எங்கே விழுகிறது என்று சொல்வார். நான் சுவரில் பென்சிலால் குறிப்பேன். எங்களுக்கு நாள்காட்டி அதுதான். முதலில் பரண் தெரிந்தது. பிறகு ஆணியில் தொங்கிய சட்டை. பிறகு ஜன்னல்.

“வீட்டைக் கீழேர்ந்து மேல கட்டுவோம். எனக்கு மேலேர்ந்து கீழ எறங்குதுடா” என்றார்.

குறி தரையைத் தொட்ட காலையில் அம்மாவைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “நரைதான் நெறைய கீது” என்றார். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

அடுத்த சில மாதத்தில் சாரம் ஏறினார். பிறகு பல வருஷம் கட்டினார். அந்தக் கண்ணுக்கு நூல் கடைசிவரை லேசாக வளைந்துதான் தெரிந்தது. சுவரை விரல் நுனியால் தடவி, “இங்க உள்வாங்கியிருக்கு” என்பார். சரியாகவே இருக்கும்.

ஒன்று மட்டும் மாறியது. முன்பெல்லாம் இருட்டிய பிறகுதான் வருவார். இப்போது வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவார். வந்ததும் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மேலிருந்து கீழாக, நிதானமாக ஒரு தடவை பார்ப்பார். அதற்கப்புறம்தான் சட்டையைக் கழற்றுவார்.