இயக்கம் பற்றி ஒரு பாடம்

அந்தக் கைத்தொலைபேசியில் இருந்தது என் குரல். என் குரல் அல்ல என்று நான் சொன்னேன்.

இதை இத்தனை காலமும் உங்களிடமிருந்து மறைத்திருக்கிறேன். தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி "சேர், சுகமோ?" என்று கேட்கிறீர்களே, அந்த உங்களிடமிருந்துதான். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டீர்கள். ஒரு தலைமுறையையே எஞ்சினியர்மாராக்கிய ஆசான் என்று மேடையில் முழங்கினீர்கள். நான் கைகூப்பியபடி கதிரையில் அமர்ந்திருந்தேன். எழும்பி ஓடியிருக்க வேண்டும்!

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு பள்ளிக்கூடத்தில், உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். போர் திரும்பவும் மூண்டிருந்த ஆண்டுகள் அவை. மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்தால் எங்கள் வகுப்பறை யன்னல்கள் அதிரும். ஒரு நாள் ஹர்த்தால், மறுநாள் சுற்றிவளைப்பு. துறையில் மிதவைப் படகு ஓடினால்தான் கிண்ணியாப் பிள்ளைகள் வருவார்கள். கண்டி வீதியில் சோதனை நீண்டால் தம்பலகாமத்துப் பிள்ளைகள் வந்து சேரும்போது முதல் இரண்டு பாடங்களும் முடிந்திருக்கும். முழு வகுப்பையும் ஒருசேரக் கண்ட நாட்கள் குறைவு.

அதனால்தான் வகுப்பில் கைத்தொலைபேசியை அனுமதித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான்...

பள்ளிக்கூடத்துக்குள் கைத்தொலைபேசி கூடாது என்பது அதிபரின் கட்டளை. என் வகுப்பில் மட்டும் அந்தக் கட்டளை செல்லாது என்று நான் தீர்மானித்தேன். "இருக்கிறவை கொண்டு வாங்கோ. மேசையில வையுங்கோ. நான் படிப்பிக்கிறதைப் பதியுங்கோ. வராத பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்றேன். அவர்கள் நம்ப முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நாள் கரும்பலகைக்கு முன்னால், முதல் வரிசை மேசைகளில் ஏழெட்டுக் கைத்தொலைபேசிகள் என்னைப் பார்த்தபடி கிடந்தன.

மறு பாதியையும் சொல்லிவிடுகிறேன். என் குரலில் எனக்கே ஒரு மயக்கம் இருந்தது! பேருந்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே காதொலிக் கருவியை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு என் பாடத்தைக் கேட்டுப் போவதை ஒரு நாள் கண்டேன். நெஞ்சு நிமிர்ந்தது. நிலாவெளிப் பெடியன் ஒருவன் வந்து, "சேர், கரைவலை இழுக்கேக்கயும் நேற்று உங்களைக் கேட்டனான்" என்றான். அதைச் சொல்லிச் சொல்லி ஆசிரியர் அறையில் எத்தனை நாள் பெருமையடித்தேன்! பிறகு பிறகு நான் வகுப்புக்குப் படிப்பிக்கவில்லை. அந்தக் கருவிகளுக்குப் படிப்பித்தேன். வேண்டுமென்றே நிறுத்திப் பேசினேன். பகிடிகள் சேர்த்தேன்.

அந்தப் பகிடிதான்...

எங்கள் பாடத்தில் 'இயக்கம்' என்று ஓர் அலகு உண்டு. ஒரு பொருள் இடம்பெயர்வதை அப்படித்தான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் இயக்கம் என்றால் ஒன்றுதான். துவக்குத் தூக்கிய இயக்கம். வாயில் வைக்கவே பயந்த சொல். மற்ற ஆசிரியர்கள் புத்திசாலிகள். 'அசைவு' என்று மாற்றிப் படிப்பித்துவிட்டுப் போனார்கள். நான் மாட்டேன் என்றேன். அரசாங்கமே அச்சடித்த சொல்லைச் சொல்ல எனக்கென்ன பயம் என்று வீரம் பேசினேன். வீரமா அது? நான்கு சுவருக்குள் நின்று காட்டிய திமிர்!

அன்று முதலாம் விதியை விளக்கினேன். எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "இயக்கத்தில இருக்கிறது தானா நிக்காது. நிப்பாட்ட வெளியில இருந்து ஒரு விசை வேணும்." சற்று நிறுத்தினேன். முன்வரிசைக் கருவிகளைப் பார்த்தேன். "அந்த விசை ஆமியாயும் இருக்கலாம், அம்மாவாயும் இருக்கலாம்!"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பும் பதிவானது.

நிரோஜன் தம்பலகாமத்துப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் குத்தகை வயல் செய்து படிப்பித்தாள். மாமன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கைத்தொலைபேசி அவனிடம் இருந்தது. வகுப்பிலேயே நல்லது அதுதான். ஆகவே பதியும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். 'பதிவாளர்' என்று பட்டமும் சூட்டினேன். நானே!

அன்று பின்னேரம் சோதனைச் சாவடியில் வழமைபோல எல்லோரையும் பேருந்திலிருந்து இறக்கி நடக்கவிட்டார்கள். அவனுடைய கருவியை ஒரு சிப்பாய் வாங்கி அமுக்கிப் பார்த்தான். அரைகுறைத் தமிழ் தெரிந்தவனுக்கும் தெரிந்த ஒரு சொல் அதில் இருந்தது. திரும்பத் திரும்ப அந்தச் சொல்... பிறகு ஆமி... பிறகு ஒரு கூட்டமே சிரிக்கிற சத்தம். பேருந்து புறப்பட்டபோது நிரோஜன் அதில் இல்லை. கூட வந்த பிள்ளை மறுநாள் காலையில் அழுதழுது இதைச் சொன்னாள்.

அப்போதே நான் போயிருக்கலாம். பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, இந்தா பார், இந்தப் பக்கம், இந்த விதி என்று காட்டியிருக்கலாம். ஏன் போகவில்லை? விதியைக் காட்டலாம். பகிடியை எந்தப் பக்கத்தில் காட்டுவேன்?

அன்று மத்தியானம் சீருடை அணியாத இருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அதிபர் ஆசிரியர்கள் எங்களையெல்லாம் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தக் கைத்தொலைபேசி. ஒருவர் பொத்தானை அமுக்கினார். என் குரல் அந்த அறையை நிறைத்தது. நான் மயங்கிக் கிடந்த குரல்! அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அது யாருடையது என்று தெரியும். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"இந்த ஆள் யார்?" வந்தவர் தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டார்.

அதாவது, நிரோஜன் என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

இது எனக்கு அந்தக் கணமே விளங்கியது. விளங்கிய பிறகும், என்னை யாரும் சுட்டிக் கேட்காமலே, நானாகவே முந்திக்கொண்டு சொன்னேன். "எங்கட பள்ளிக்கூடத்தில போன் தடை. இந்தக் குரலை எனக்குத் தெரியாது." கேட்பவருக்கு என் குரல் பிடிபட்டுவிடக் கூடாதென்று தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு சொன்னேன். அந்தத் தந்திரமும் எனக்கு அப்போது வந்தது, பாருங்கள்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளுக்காகப் பயந்தேன் என்ற சாக்குக்கூட எனக்கில்லை.

இரண்டொரு நாளில் நிரோஜனின் தாய் ஓர்ஸ் ஹில்லில் இருந்த என் வீட்டுக்கு வந்தாள். வயல் வேலையிலிருந்து அப்படியே வந்தவள் போலக் காலில் சேறு காய்ந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படலையிலேயே நின்றாள்.

"கேம்பில ஒராள் சொன்னவர் சேர். அந்தக் கதைக்கிற ஆள் வந்து, இது பாடம் எண்டு சொன்னா விடுவினமாம். ஒருக்கா வாங்கோ சேர்."

"அது நானில்லை, அம்மா. ஆரோ வேற ஆள்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. மண் வாரித் தூற்றவில்லை. தூற்றியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

"சேர், பின்னேரம் பின்னேரம் என்ர குசினிக்குள்ள கேக்கிற குரல் அது. அவன் சாப்பிடேக்கயும் நீங்கதான், படுக்கேக்கயும் நீங்கதான். வர ஏலாதெண்டு சொல்லுங்கோ, எனக்கு விளங்கும். நானில்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கதவைச் சாத்தினேன். சாத்தும்போது சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினேன். மரியாதையான மனிதன் அல்லவா நான்.

நிரோஜன் திரும்பி வரவில்லை. எந்த முகாமிலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். போர் முடிந்த பிறகும் இல்லை என்றார்கள்.

நான் போயிருந்தால் அவனை விட்டிருப்பார்களா? அல்லது இருவரையும் சேர்த்து விழுங்கியிருப்பார்களா? இந்தக் கேள்வியை ஆயிரம் முறை எனக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன். விடை தெரியாது என்று சொல்லித் தப்பப் பார்க்கிறேன். அன்று படலையில் எனக்கு விடை தெரிந்திருக்கத் தேவையில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு நடந்திருந்தால் போதும்.

இப்போது இளம் ஆசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பிள்ளைகள் சொந்தக் கைத்தொலைபேசியை வகுப்புக்குக் கொண்டுவருவது நல்லதா சேர், கெட்டதா சேர் என்று. கருவிமேல் பழியைப் போட எனக்கு வாய் வராது. அது கேட்டதைக் கேட்டபடி வைத்திருந்தது. அதனால் நான் ஏதோ மழுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை சொன்னதைப் பயம் என்று நீங்கள் மன்னித்துவிடக்கூடும். மன்னிக்காதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

அந்த இருவரும் வந்து போன கையோடு நான் வகுப்புக்குப் போனேன். கதவைப் பூட்டினேன். எல்லோருடைய கைத்தொலைபேசியையும் எடுக்கச் சொல்லி, என் பாடங்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். வராத பிள்ளைகளுக்குக் கொடுத்த மெமரி கார்டுகளையும் வாங்குவித்தேன். உங்களுடைய நன்மைக்குத்தான் என்றேன். மேசை மேசையாக நின்று, ஒன்றும் மிச்சமில்லை என்று என் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள் என் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். நிரோஜனின் தாய். பழைய மாணவர் ஒருவரிடம் என் இலக்கத்தை வாங்கியிருக்கிறாள். பழசு எதையும் கிளறவில்லை. அந்த நாளைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சுகம் விசாரித்துவிட்டுத்தான் தொடங்கினாள்.

"சேர், அந்தப் பாடங்கள் ஆற்றையும் போனில இப்பவும் கிடக்குமோ? நீங்க படிப்பிச்சு முடிய அவன் ஒவ்வொரு நாளும் கேள்வி கேப்பான். 'சேர், எனக்கு விளங்கேல்ல' எண்டுதான் தொடங்குவான். போட்டோ இருக்கு, சேர். குரல்தான் இல்லை."

அழித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன்!

"தேடிப் பாக்கிறன், அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. "பெரிய உபகாரம் சேர், கடவுள் உங்களை நல்லா வச்சிருக்கட்டும்" என்றாள். அதன் பிறகு மாதத்தில் ஒரு தடவையாவது எடுப்பாள். ஆரிட்டக் கேட்டனீங்கள் என்று விசாரிப்பாள். நானும் பெயர் பெயராகச் சொல்வேன்... இன்னார் கனடாவில், பழைய போனைத் தேடுகிறாராம். இன்னார் வவுனியாவில், வீடு மாறுகையில் பெட்டிக்குள் போட்டதாம், எந்தப் பெட்டி என்று தெரியவில்லையாம் என்று. ஒரு பொய்யைப் போல மற்றொன்று இராது. நன்றாகப் புனைகிறேன். அதிலும் எனக்குத் திறமை இருக்கிறது.

அவளுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இலக்கத்தை அழுத்திக் கொடுக்கிறாள். நேற்றும் எடுத்தாள்.

"கிடைச்சுதோ, சேர்?"

"இன்னும் இல்லை, அம்மா. தேடிக்கொண்டுதான் இருக்கிறன்."

"ஓம் சேர். அவசரமில்லை."