முதல் வண்டி

பாதை என்று நாங்கள் சொல்வது நடக்கிற பாதையை அல்ல. இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, வண்டியும் மாடுமாக வாவியைக் கடத்துகிற மிதவைக்குத்தான் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். அது எங்கள் துறைக்கு வந்த முதல் நாளிலேயே என் புருஷன் செத்துப்போனார். பாதையை நான் குறை சொல்ல மாட்டேன். பலகைக்கு என்ன தெரியும்? மனிசருக்குத்தான் மூளை கெட்டுக் கிடந்தது.

நாங்கள் படுவான்கரை. வட்டை வட்டையாக வயலும் மாடும் எங்களிடம். ரோட்டும் பஸ்ஸும் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். பஸ்ஸில் ஏறினால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. நெல் மூட்டையை வண்டியில் இருந்து இறக்கித் தோணியில் ஏற்றி, அக்கரையில் மறுபடி இறக்கி வேறு வண்டியில் ஏற்றி என்று எங்கள் ஆண்களின் முதுகு முறிந்தது. அரசாங்கம் பாதை தருகிறது என்றதும் ஊரே துள்ளியது. துறையை எங்கே வைப்பது என்ற பேச்சுத் தொடங்கும் வரைக்கும்தான் அந்தத் துள்ளல்.

ஊரில் இரண்டு பெரிய குடிகள். தாயின் குடிதான் பிள்ளைக்கும். ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. ஆகவே எந்த வீட்டைப் பார்த்தாலும் பெண்சாதி ஒரு குடி, புருஷன் மறு குடி. எங்கள் வீடும் அப்படியே. என் குடிக்குப் பெரியவர் என் தாய்மாமன். மற்றக் குடிக்குப் பெரியவர் என் புருஷனின் தமையன்.

அளக்க வந்த அரசாங்க ஓவசியர், பாவம், எந்த இடம் ஆழம் என்று கேட்டார். மாமா வடக்குத் துறை என்றார், புருஷனின் தமையன் தெற்குத் துறை என்றார். ஆழத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. யார் வீட்டு வளவுக்கு முன்னால் ரோட்டு வரும் என்பதுதான் பேச்சு முழுக்க. பேச்சு முற்றித் துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்குப் பல் போயிற்று, ஒருவனுக்குக் காது கிழிந்து தொங்கியது. விலக்கப் போன ஓவசியரை அளவுச் சங்கிலியோடு சேர்த்து வாவிக்குள் தள்ளிவிட்டார்கள். அவர் நனைந்த காற்சட்டையோடு எழும்பி வந்து, இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு முளையை அடித்தார். “இதுதான் துறை. இனி நீங்க வெட்டிக்கொண்டு சாகுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு முடிந்தது என்று மூச்சு விட்டால், முதலில் யார் வண்டி ஏறுவது என்று அடுத்தது கிளம்பியது. கோயில் திருவிழா முடிவில் குடிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வெற்றிலை பாக்குக் கொடுப்பார்கள். எங்கள் குடியைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அதே ஒழுங்குதான் பாதைக்கும் என்று மாமா நின்றார். கோயில் மரியாதை கோயிலோடு, ஓவசியர் அடித்த முளை எங்கள் காணியில் அல்லவா இருக்கிறது என்று மற்றவர் நின்றார். திறப்பு நாளன்று மாலை கட்டிய இரண்டு வண்டிகள் துறையில் முட்டிக்கொண்டு நின்றன.

என் புருஷன் அங்கே போகவில்லை. “இந்தக் கூத்தப் பாக்க எனக்கு நேரமில்ல புள்ள” என்று சொல்லிவிட்டு, நெல்லடிக்கிற களவெட்டியில் எருமைகளை விட்டுக் கதிர்ச் சூடு மிதிக்கப் போனார். அங்கே ஒரு கடா திரும்பி அவர் வயிற்றில் குத்திக் கிழித்துவிட்டது. நான் சோறு கொண்டு போனபோது கதிரெல்லாம் இரத்தம். சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினேன். வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்தி, மாட்டை நானே விரட்டினேன்.

துறையில் என் கத்தலைக் கேட்டதும் கூட்டம் விலகியது. இந்த வண்டிதான் முதலில் போக வேண்டும் என்று இரண்டு குடியும் ஒரே வாயாகச் சொன்னது. ஐயோ, அப்போது எனக்கு எவ்வளவு ஆறுதல்!

மாமா அழுதுகொண்டே கையை உயர்த்தினார். “விலகுங்கடா! என்ட மருமகள்ட வண்டி. எங்கட குடி வண்டி முதல் போகுது!”

புருஷனின் தமையன் பாய்ந்து வந்து நுகத்தைப் பிடித்தார். “கிடக்கிறவன் என்ட தம்பி. எங்கட குடிக்காரன். முதல் போறது எங்கட குடி எண்டு சொல்லிப்போட்டு மாட்ட விடு!”

அவ்வளவுதான். அவரை அனுப்பக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. யார் பெயரில் அனுப்புவது என்றுதான் மண்டையை உடைத்தார்கள். மாலை கட்டிய வண்டிகளின் தடிகளை உருவி அடித்தார்கள். ஒருவன் கத்தியை எடுத்தான். என் கண் முன்னால் ஒருவனின் கை முழங்கையோடு மடங்கித் தொங்கியது.

அவர் வைக்கோலில் கிடந்து சிரித்தார். “பாத்தியா புள்ள, கலியாணத்துக்குக்கூட எனக்காக இவ்வளவு பேர் வரல்ல.” சொல்லும்போதே வாயில் இரத்தம் வந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. மாடு ஓட்டுகிற கேட்டிக்கம்பை எடுத்து, நுகத்தைப் பிடித்த கையில் எலும்பு முறிகிற சத்தம் கேட்கும் வரை அடித்தேன். பாதையின் கயிற்றைப் பிடித்து நின்ற மாமாவின் தோளிலும் போட்டேன். “தள்ளுங்கடா நாய்களே!” என்று கத்திக்கொண்டு வண்டியைப் பலகையில் ஏற்றினேன். பாதைக்காரர் பயந்துபோய்த் தள்ளினார்கள்.

“அக்கரை தெரியுதா?” என்று வைக்கோலில் கிடந்தபடி அவர் கேட்டார்.

“ஓம், இந்தா, கிட்டத்தான்” என்றேன். நடு வாவியைக்கூட நாங்கள் எட்டியிருக்கவில்லை. அக்கரையில் உறுமிக்கொண்டு நின்ற பஸ் எங்கள் வண்டியைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தியது. அதற்குள் அவர் போய்விட்டார்.

செத்தவீட்டுச் சடங்குகள் முடிந்த கையோடு மாமா வெற்றிலை வட்டாவோடு வந்தார். தோளில் இன்னும் கட்டு இருந்தது.

“வெள்ளிக்கிழம பாதை திறக்கிறம், புள்ள. நீயும் வரோணும்.”

“அதுதான் திறந்தாச்சே, மாமா.”

“பிரேதம் போனது கணக்கில்ல. ரெண்டு குடியும் பேசி முடிச்சிட்டம். ரெண்டு வண்டியையும் பக்கத்தில பக்கத்தில ஏத்துறம். இனி மறுகா சண்ட சச்சரவு இல்ல.”

“பலகையில அதுக்கு அகலம் காணுமா?”

“தாராளமாக் காணும்.”

பித்தளை வட்டாவைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்தேன். நெற்றி பிளந்து இரத்தம் கொட்டியது. அந்த நெற்றிக் கட்டோடுதான் வெள்ளிக்கிழமை மாமா தன் வண்டியில் ஏறி, என் புருஷனின் தமையனுக்குப் பக்கத்தில், அக்கரைக்குப் போனார்.