ரீட்டா நின்ற மூன்றாவது மாடி

புஷ்பமேரி கடலூர் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். நாற்பத்தாறு வயதாகியும் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. இருநூறு பிள்ளைகளுக்கு உலை வைப்பதற்கெல்லாம் அசராதவளை மகள் ரீட்டாவின் போன்தான் ஆட்டிவைத்தது. சென்னை மாம்பலம் பக்கம் ஒரு பெரிய துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஹாஸ்டலிலிருந்து கதைகதையாகப் பேசுகிற பெண், மூன்று வாரமாக "நல்லாருக்கேம்மா" என்பதோடு வைத்துவிடுகிறாள்.

"என்னத்த நல்லாருக்கா? நேர்ல பாத்தாதான் எனக்குச் சோறு எறங்கும்" என்றாள் கணவன் ஜோசப்ராஜிடம்.

"ஞாயித்துக்கிழம பூசைக்கு?"

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

அது 2011, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் பாசஞ்சரில் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. நெல்லிக்குப்பத்தில் எழுந்தாள், மேல்பட்டாம்பாக்கத்தில் எழுந்தாள். விழுப்புரத்தில் வண்டி மாறி, தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, மாம்பலத்தில் இறங்கியபோது மதியம் ஒரு மணி. கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரிக்கவேயில்லை. தாம்பரத்தில் சாயங்காலம் ஆறு மணி வண்டியை விட்டால் ஊர் திரும்ப அவளுக்கு வேறு வழி தெரியாது.

கடை வாசலில் வாட்ச்மேன் மறித்தான். "ஸ்டாஃபைப் பாக்கணும்னா ராத்திரி ஹாஸ்டலுக்குப் போங்க."

ஒரு சுற்று சுற்றிவிட்டு, சேலை வாங்க வந்தவள்போல் கூட்டத்தோடு உள்ளே நுழைந்தாள். மூன்றாவது மாடியில் ரீட்டா நின்றுகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது. பின்னால் சூப்பர்வைசர் நடப்பது தெரிந்து உடனே மூடிக்கொண்டது.

"வாங்கம்மா. காட்டனா, சில்க்கா?"

பெற்ற மகள் வாங்க போங்க என்று பேசியது புஷ்பமேரிக்கு என்னவோ செய்தது. "காட்டன் எடு. கால்ல என்ன துணி சுத்தியிருக்க?"

ரீட்டா ஒரு சேலையை உதறி விரித்தாள். "சாயம் போவாதும்மா, தொட்டுப் பாருங்க. காலையில ஒம்பதுக்கு நின்னா ராத்திரி பத்து. உக்காரக் கூடாது. நரம்பு வீங்கி ஒடைஞ்சு புண்ணாயிடுச்சு. லீவு கேட்டா தீபாவளி முடியட்டும்ங்குறாங்க. பார்டரப் பாருங்கம்மா."

சூப்பர்வைசர் வந்து நின்றார். "இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிது சார். நான் இவ அம்மா. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இப்பப் போனா திரும்ப வேலை கெடையாது."

"அம்மா, இன்னும் கொஞ்ச நாளுதான்..." என்று ரீட்டா இழுத்தாள். புஷ்பமேரி காதில் வாங்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஹாஸ்டலில் வார்டன் வரக் காத்திருந்து பெட்டியை எடுப்பதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. தாம்பரத்தில் நொண்டுகிறவளை இழுத்துக்கொண்டு ஓடி ஏறியதும் வண்டி நகர்ந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் ரீட்டா அழ ஆரம்பித்தாள். வேலை போன அழுகையா, கால் வலியா என்று கேட்கப் பயந்து, அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள் அம்மா. அவசரப்பட்டுவிட்டோமோ என்று விழுப்புரம்வரை மனசு அடித்துக்கொண்டது.

இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் புண் ஆறவே ஆறாது என்றார் கடலூர் டாக்டர். தை மாதம் ரீட்டாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்து பில் போடுகிற வேலை கிடைத்தது. அவள் சேர்ந்த மறுநாளே இருமல் மாத்திரை வாங்குகிற சாக்கில் புஷ்பமேரி அங்கே போய் நின்றாள்.

"வேலைக்கு வந்த எடத்துக்கெல்லாம் வராதம்மா" என்று பல்லைக் கடித்தாள் ரீட்டா.