மெஷினில் பிடிபட்ட பஞ்சாமிர்தம்

நான் குடித்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் முருகனுக்கே அடுக்காது. சொந்தக்காரர் கல்யாணத்தில் குடித்தேன். குடித்ததோடு நிற்காமல் ஆட்டோவையும் எடுத்தேன். தெரணியகலை ரோட்டில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது.

நீதவான் ஐயா நல்ல மனிதர், என்னை உள்ளே போடவில்லை. ஆறு மாதத்துக்குத் திங்கட்கிழமை தோறும் டவுனில் உள்ள சீர்திருத்த அலுவலகத்துக்குப் போய் மெஷினில் ஊத வேண்டும், ஒரு தடவை சாராயம் காட்டினாலும் லைசென்ஸ் போய்விடும் என்றார். அந்த ஆட்டோவை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

அன்று மாலையே எங்கள் தேயிலைத் தோட்டத்து முருகன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனாலும் அந்தக் குழாயை வாயில் வைக்கும்போதெல்லாம் குடித்தவன் மாதிரியே பயப்படுவேன். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போய் முதல் இரண்டு மாதத்தை ஓட்டினேன்.

பிறகு திருவிழா வந்தது. வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பூசாரி கித்துள் மரத்துக் கருப்பட்டி போட்டுப் பஞ்சாமிர்தம் செய்திருந்தார். அதில் ஒரு ஜாம் போத்தல் நிறைய வாங்கி, ஆட்டோவில் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். விபூதி வெளியில்தானே இருக்கிறது, ஊதுகிற நேரம் முருகனே வாய்க்குள் இருந்தால் மெஷின் என்ன செய்யும் என்பது என் கணக்கு. மூன்று நாள் நல்ல வெயில்.

திங்கட்கிழமை காலை என் மனைவி மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"என்னங்க, சோடா மாதிரி பொங்குது. கொட்டிருங்க."

"சாமி பிரசாதத்த கொட்டச் சொல்றியே, வாய் அழுகிரும்."

"அப்ப மாட்டுக்காவது வைங்க."

"மாட்டு மேலயா கேஸ் இருக்கு? என் மேலதானே இருக்கு."

அலுவலகத்தில் என்னைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, முருகா என்று விழுங்கினேன். உள்ளே ஊத வைக்கிற அதிகாரி மிஸ்ஸும் பியூனும் இருந்தார்கள். இருவரும் சிங்களவர்கள், பேச்சும் சிங்களத்தில்தான். நான் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஊதினேன். மெஷின் கத்தியது.

மிஸ் மெஷினைப் பார்த்தார், என் விபூதியைப் பார்த்தார். "அண்ணே, காலையிலேயேவா?"

"மிஸ், நா குடிக்கல. சாமி மேல சத்தியம்."

"இங்க வர்ற எல்லாரும் அவங்கவங்க சாமி மேலதான் சத்தியம் பண்றாங்க."

பியூன் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "கண்ணு செவக்கல மிஸ். தள்ளாடவும் இல்ல. நல்லா பழகின ஆளு."

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று மிஸ் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் முருகனைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பையிலிருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன்.

மிஸ் திறந்து மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது புளிச்சுக் கள்ளாயிருச்சு. வாயக் கொப்பளிச்சிட்டு வாங்க. கால் மணித்தியாலம் ஒன்னும் வாயில வைக்காம உக்காருங்க. வாயில இருக்கிறதுன்னா போயிரும். உள்ள போனதுன்னா நிக்கும்."

கோயிலில்கூட நான் அவ்வளவு கும்பிட்டதில்லை. இந்தப் பக்கம் நான் முருகனை அழைத்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் பியூன் போத்தலில் விரலை விட்டார்.

"கித்துள் கருப்பட்டியா?"

"ஆமாங்க. வாழப்பழம், நெய், தேனும் இருக்கு."

நக்கினார். யோசித்தார். சரியாகப் பிடிபடவில்லை போல, மறுபடியும் விட்டார். பிறகு கரண்டி தேடிப் போனார்.

கால் மணித்தியாலம் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். சத்தம் இல்லை. கண்ணைத் திறந்தால் பூச்சியம். மிஸ் இரண்டு தடவை ஊதியதையும் எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் குழாயை மாற்றி பியூனிடம் நீட்டினார். "நீங்களும் ஊதுங்க."

எனக்குக் கத்தியதைவிடப் பலமாகக் கத்தியது.

"எனக்கு கேஸ் இல்லையே மிஸ்," என்றார் அவர், கரண்டியைக் கீழே வைக்காமல்.

பூசாரியிடம் சொன்னபோது, "என் பஞ்சாமிர்தத்த கோர்ட்டு வரைக்கும் இழுத்திட்டியேப்பா," என்று நொந்துகொண்டார். குற்றம் அவருடையதும் இல்லை, முருகனுடையதும் இல்லை. வெயிலில் வைத்தது நான். அதற்குப் பிறகு முதலில் ஊதுவேன், பிறகுதான் பிரசாதம்.

ஆறு மாதமும் நல்லபடியாக முடிந்தது, லைசென்ஸ் இன்றைக்கும் சட்டைப்பையில் இருக்கிறது. கடைசித் திங்கட்கிழமை, நன்றிக்காக அன்று காலையில் செய்த பஞ்சாமிர்தத்தை பியூனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கரண்டி சாப்பிட்டு, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அன்னைக்கு மாதிரி இல்ல."