புகை போகும் வழி

அடுப்பு கட்டப் போகிறவனுக்குக் கூடத்தில் நாற்காலி கிடையாது. நேரே புகைக்குள்தான் வரவேற்பு. எழுபதுகளில் அடையாறில் ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்காக, புகைபோக்கி வைத்த மண் அடுப்புகள் கட்டிக்கொடுத்தேன். விறகு குறைவாகப் பிடிக்கும். புகை வெளியே போய்விடும். இலவசம் என்றால் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பிழைத்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஓலையும் நெருப்பும்

ஊரூர் குப்பத்தில் முதலில் சம்மதித்தவர் மீன் விற்கும் கன்னியம்மா. இருமி இருமி அவருக்குக் குரலே கம்மிப் போயிருந்தது. அக்கம்பக்கத்தார் விடவில்லை. ஓலைக் கூரையில் குழாயைச் செருகினால் ஒரு பொறி போதும், வரிசையே சாம்பலாகிவிடும் என்றார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் கூரையைத் தொடாமல், மண்சுவரைத் துளைத்துக் குழாயை வெளியே தள்ளி நிறுத்தினேன்.

பற்றவைத்தபோது தெருவே குடமும் தண்ணீருமாக நின்றது. புகை கடல் பக்கம் போயிற்று. குழம்பு கொதித்தது. கன்னியம்மா கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "கண்ணுல தண்ணியே வர்ல. கொயம்புக்கு ருசி வருமா, நைனா?"

மாடி வீட்டுப் புடவை

மயிலாப்பூரில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் விறகுக்குத் திரும்பிய ஒரு மாமிக்குக் கட்டிக்கொடுத்தேன். அவர் குடித்தனக்காரர், வீட்டுக்காரர் மாடியில். மறுநாளே புகை மாடிக்கொடியில் காய்ந்த புடவைகளில் படிந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அளவுக்கு விவகாரம் போய்விட்டது. மாமி அழாத குறை. ஓடிப்போய்க் குழாயை மாடிக்கு மேலே உயர்த்தினேன்.

அடுத்த வாரம் வீட்டுக்காரரே ஆளனுப்பினார். கைகட்டி நின்றேன். அவர் தணிந்த குரலில் சொன்னார்: "எங்காத்துலயும் ஒண்ணு போட்டுடுங்கோ. குழாய் மட்டும் பக்கத்தாத்துப் பக்கம் பார்த்துண்டு இருக்கட்டும்."

வெள்ளத்துக்குப் பிறகு

ஒரு மழைக்காலத்தில் ஆற்றுநீர் ஏறி, அடையாற்றங்கரைக் குடிசைகளில் நான் கட்டிய அடுப்புகளெல்லாம் கரைந்துபோயின. இனி பழைய மூன்று கல் அடுப்புக்கே திரும்பிவிடுவார்கள் என்று மனம் சோர்ந்து போனேன்.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். அங்கே தனம் என்கிற சலவைக்காரப் பெண், பக்கத்துக் குடிசைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மண் மிதித்துக்கொண்டிருந்தார். நாலைந்து அடுப்புகள் அதற்குள் எழும்பியிருந்தன. இரண்டில் உலை கொதித்தது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கப் போனேன். தனம் தடுத்தார்: "அடுப்ப நாங்க பாத்துக்கிறோம். உட்ஞ்ச கொயாய்க்கு மட்டும் வேற எட்துகினு வா."

என்னைக் கூப்பிடுவது நின்றால்தான் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தமாகும் ஒரு தொழிலில் சம்பளம் வாங்கிப் பிழைத்தவன் நான்.