நான்காம் பட்டறை, பெண், ஒன்று

என் அக்காவுக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. வாய்த்ததோ உட்கார்ந்தே பார்க்கிற வேலை. இரும்புக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வாரத்தில் மூன்று நாள், ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்பார்கள், சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார் என்பார்கள், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்பார்கள். அடையாள அட்டையில் 'மனநல ஆலோசகர்' என்று போட்டிருக்கிறது. தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'டிஷ்யூ மேடம்'. மேசைமேல் எந்நேரமும் ஒரு டிஷ்யூ டப்பா இருக்கும். அங்கே அடக்கி வைத்த நடையையெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து நடந்து தீர்ப்பாள். டீயைக்கூட கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டேதான் குடிப்பாள்.

"ஊர்ல யார் பேசினாலும் உங்க அக்காவுக்குக் காது கேக்கும். நான் பேசினா மட்டும் கேக்காது" என்பார் அவள் கணவர், என் மாமா. அதில் பாதி நிஜம்.

நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன், சாப்பாடு கீழே. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்தச் சனிக்கிழமை இந்த வாய் சும்மா இருந்திருந்தால் அக்காவுக்கு இன்னும் இரண்டு நாள் நிம்மதி கிடைத்திருக்கும். அதற்கு மேல் கிடைத்திருக்காது.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலுதவி அறைக்கும் ஹெல்மெட், பூட்ஸ் கொடுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருந்தது. கதவு கேன்டீன் வரிசையைப் பார்த்தபடி. உள்ளே யார் போனாலும் தட்டோடு நிற்கிற நூறு பேர் பார்ப்பார்கள். 'அவனுக்கு என்னவாம்?' என்று கண், காது, மூக்கு வைத்துக் கதை கட்டிவிடுவார்கள். ஆறு மாதம் ஒரு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அக்கா நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று, முதலுதவி அறைச் சுவரை உடைத்து உள்பக்கமாக ஒரு கதவு வைக்கச் செய்தாள். அதன்பிறகு தலைவலி மாத்திரைக்கு வருகிற மாதிரி முதலுதவி அறைக்குள் வந்து, அப்படியே இந்தப் பக்கம் நழுவ ஆரம்பித்தார்கள். தலைவலிக்காரர்கள் திடீரென்று ஏன் பெருகிவிட்டார்கள் என்று அங்கிருந்த நர்ஸ் கொஞ்ச நாள் குழம்பினாராம்.

யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி அக்கா வீட்டில் மூச்சு விடமாட்டாள். நானும் எத்தனையோ தடவை தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மசியவே மாட்டாள்.

ஆனால் தொழிற்சாலைக்கு மாதம் ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். அவளை அங்கே அமர்த்தியிருப்பது ஆலோசகர்களை அனுப்புகிற வேறொரு நிறுவனம். அறிக்கையில் பெயர் இருக்கக்கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா, என்ன மாதிரிப் பிரச்சினை, அவ்வளவுதான். ஒரு பிரிவிலிருந்து வந்தவர்கள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அதைத் தனியாகக் காட்டாமல் 'மற்றவை' என்று சேர்த்துவிட வேண்டும். இது அவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி. அவளே புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

நான்காம் பட்டறையிலிருந்து மட்டும் இரண்டு வருடமாக ஒருவரும் வரவில்லை. பெரிய குழாய்கள் செய்கிற இடம். அறுபது, எழுபது பேர். "எங்களுக்கெல்லாம் மனசு கிடையாது மேடம், வெறும் உடம்புதான்" என்று அங்கே ஒருவர் கிண்டல் செய்ததை அக்கா அடிக்கடி சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் அவளுக்கு அது உறுத்தல். அந்த மாதம் அங்கிருந்தும் ஒருவர் வந்தார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, அறிக்கையில், மற்றவையோடு சேர்க்காமல் அந்த ஒன்றைத் தனி வரியாகப் போட்டாள். பட்டறை, ஆணா பெண்ணா, பிரச்சினை எல்லாம் முறைப்படி நிரப்பி எச்.ஆர். மேனேஜருக்கு அனுப்பிவிட்டாள். நல்ல சேதி என்று நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது நான் எங்கள் அச்சகத்துக் கூத்தை அவிழ்த்துவிட்டேன்.

"எங்க முதலாளி கருத்துக் கேக்கறாராம். 'பேர் எழுத வேண்டாம், தைரியமா எழுதுங்க, என்ன வேலை பாக்கறீங்கன்னு மட்டும் போடுங்க'ன்னாங்க. நானும் ரோஷத்துல ரெண்டு பக்கம் எழுதி, கீழ 'பிழை திருத்துபவர்'னு போட்டேன். அங்க பிழை திருத்தறவன் நான் ஒருத்தன்தானே! சாயங்காலமே கூப்பிட்டு, 'உங்க கையெழுத்து நல்லா இருக்கு'ங்கிறார்."

மாமா புரையேறச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பிசைந்த கை தட்டிலேயே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை, இடது கையால் தட்டினாள். அறிக்கையைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "போச்சு" என்றாள்.

மெல்ல மெல்லத்தான் விஷயத்தை வாங்கினேன். வந்தது யார், என்ன பேசினார்கள் என்று அப்போதும் சொல்லவில்லை. "பேர் போடலடா. ஆனா அந்த இடத்துல அந்த மாதிரி ஆள் ஒருத்தர்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம்."

"வேற அறிக்கை அனுப்பு. இது தப்பு, அதைப் பாக்காதீங்கன்னு சொல்லு."

"பாக்காதேன்னு சொன்னா, பாக்காதவனும் பாப்பான்" என்றாள். அதுவும் சரிதான்.

மேனேஜருக்கு நான்கு தடவை ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. இஸ்திரி போட்ட துணியையே மறுபடி இஸ்திரி போட்டாள். மிக்ஸியைக் கழுவினாள், கழுவினதை மறந்து திரும்பவும் கழுவினாள். வந்த ஆளையே கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், ஃபோன் எண்கள் எல்லாம் தொழிற்சாலை அலமாரியில், பூட்டுக்குள் இருந்தன. எண்களை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதில் அவள் கறார். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மேனேஜரே கூப்பிட்டார். எனக்கு இந்தப் பக்கப் பேச்சு மட்டும் கேட்டது.

"சார், அந்த அறிக்கையில ஒரு தப்பு... பாத்துட்டீங்களா... சேஃப்டி டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பிட்டீங்களா?" அக்கா நடப்பதை நிறுத்திவிட்டாள். "இல்ல சார், ஆபத்துன்னா நானே, அவங்ககிட்டயே சொல்லிட்டு, உங்ககிட்ட வந்திருப்பேன்... சார், அந்த மாத்திரை வைத்தியத்துக்காக... சரி சார்."

ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "யாருன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நாளைக்குக் காலைல கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். மாத்திரை சாப்பிடறவங்களை அந்த வேலைல வெச்சுக்க முடியாதாம்."

அடுத்து தன் நிறுவனத்து மேலதிகாரி அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா பதற்றப்படவே இல்லை. அறிக்கையில் பெயர் இல்லை, ஆகவே தப்பு இல்லை, நீங்களாகப் போய் எதையும் உளறி வைக்காதீர்கள், அவர்களே எப்படியோ கண்டுபிடித்ததாக இருக்கட்டும் என்றாராம். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதைச் சொல்லியும் தொலைத்தேன்.

"அப்போ நாளைக்கு அவங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. யார் சொன்னான்னு அவங்க முழிக்கணும். நான் செவ்வாக்கிழமை ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி, 'வாங்க, உக்காருங்க'ங்கணும். அப்படித்தானே?" என்றாள்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு என் ஸ்கூட்டரில் தொழிற்சாலை வாசலில் இருந்தோம். "இன்னிக்கு உங்க நாள் இல்லையே மேடம்" என்று காவலாளி உள்ளே விடவில்லை. ஷிஃப்டுக்கு வருகிறவர்களைப் பார்த்தபடி சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றோம்.

"யாரைத் தேடறே? சொன்னா நானும் பாப்பேன்ல?"

"உனக்கு எதுக்கு? நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

நான் வாத்தியார் வெளியே நிறுத்திய பையன்போலச் சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணைத்தான் திருப்ப முடியும். காதை என்ன செய்வது? அதுவும் வந்தவர் கிரேன் ஓட்டுகிற அம்மா. மேலே கூண்டில் இருந்துகொண்டு கீழே இருப்பவர்களோடு கத்தியே பழகியவர். அவர் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

"என்ன மேடம், இங்க நிக்கறீங்க?"

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்களைப் பத்தி. மாசா மாசம் குடுக்கற அறிக்கையில நாலாவது பட்டறை, பெண், ஒண்ணுன்னு போட்டுட்டேன். அங்க நீங்க ஒருத்தர்தான் பெண். அது நீங்கதான்னு மேனேஜருக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னிக்குக் கூப்பிடுவாங்க. கூப்பிடறதுக்கு முன்னாடி நான் சொல்லணும்னு வந்தேன்."

பெயர் போடவில்லை என்று இப்போதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"மாத்திரைன்னும் போட்டீங்களா?"

"போட்டேன். தூக்கமின்மை, மாத்திரைன்னு."

"மேல ஏறினா பயமா இருக்குன்னு சொன்னேனே, அது?"

"அது போடல."

பிறகு அந்த அம்மா ஆரம்பித்தார்.

"நான் பேக்கிங்ல டப்பா ஒட்டிக்கிட்டிருந்தவ மேடம். கிரேன் கத்துக்கப் போறேன்னதும் சிரிச்சாங்க. ஒம்போது வருஷமா அந்தச் சிரிச்சவங்க தலைக்கு மேலதான் பைப்பைத் தூக்கிட்டுப் போறேன். ஒரே ஒருநாள் சங்கிலி நழுவிச்சு. பைப் ஒரு ஆள்கிட்டேர்ந்து ரெண்டடி தள்ளி விழுந்துச்சு. அடி யாருக்கும் இல்ல. எல்லாரும் மறந்துட்டாங்க, எனக்குத்தான் தூக்கம் போச்சு. லீவுக்கு முந்தின நாள் மட்டும் அரை மாத்திரை, அதுவும் டாக்டர் எழுதிக் குடுத்தது. என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"ஆமா" என்றாள் அக்கா. "தப்பு என்னோடது. நானும் உங்ககூட உள்ள வரேன். ஆபத்து இல்லன்னு எழுதிக் குடுக்கறேன்."

"வேண்டாம். நீங்க இனிமே என்னைப் பத்தி எதுவும் எழுதாதீங்க." அப்போதுதான் என்னைப் பார்த்திருக்கிறார். "இவரு யாரு?"

"என் தம்பி."

"அவரும் கேட்டாச்சா? நல்லது. இன்னும் ஒரு மணி நேரத்துல ஊருக்கே தெரியப்போகுது."

நடந்தார். நாலு எட்டு வைத்தவர் திரும்பி வந்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"இப்படி ஒண்ணு வேற யாராவது எனக்குச் செஞ்சிருந்தா, நேரா உங்ககிட்ட வந்து உக்காந்து அழுதிருப்பேன். இப்ப இதை நான் யார்கிட்ட மேடம் போய்ச் சொல்றது?"

எனக்கு அங்கே நிற்கவே கூசியது. அக்கா பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்தாள். வேறொரு ஆலோசகரின் எண். "இவங்களுக்கும் இந்தத் தொழிற்சாலைக்கும் சம்பந்தம் இல்ல. என் பேரைச் சொல்ல வேண்டாம்." அந்த அம்மா அதை வாங்கினார். படிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த கையுறைக்குள் திணித்துக்கொண்டு சங்கு ஊதுவதற்குள் உள்ளே போய்விட்டார்.

பிறகு நடந்தது தொழிற்சாலை முழுக்கத் தெரியும். அவர் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போய், "அந்த ஒண்ணு நான்தான், என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றாராம். பதினோரு நாள் அவரைக் கீழே ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். இரண்டு டாக்டர்கள் பார்த்து, பன்னிரண்டாம் நாள் கிரேனில் ஏற்றினார்கள். அக்கா தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்தாள். வலியப் போய் மாட்டிக்கொண்டாள் என்றார் மேலதிகாரி அம்மா. அந்தத் தொழிற்சாலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு கால் சென்டரில், ஆறாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பழைய அறையில் இன்னும் யாரையும் போடவில்லை என்று கேள்வி.

அவள் சீட்டில் எண் எழுதிக் கொடுத்த ஆலோசகரும் இவளும் வெள்ளிக்கிழமைதோறும் ஆலோசகர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் சந்திக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆறு மாதம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தால் அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. கிளம்பும்போதே சாவியை இரண்டு தடவை மறப்பாள். கிரேன் அம்மா அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாரா, இல்லை சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. "பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். வந்தாங்களா இல்லையான்னு ஒரு தலையாட்டல், அவ்வளவுதானே? கேட்டுடேன். உனக்கும் தூக்கம் வரும்."

"அவங்க தலையாட்டிட்டாங்கன்னா," என்றாள் அக்கா, "அப்புறம் அந்த அம்மாவுக்கு அந்த இடமும் இல்லடா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.